விளக்கொளியில் ஸ்ட்ரோபெரி: கரையோரக் கமக்காரர் போடவேண்டிய கணக்கு

ஸ்ட்ரோபெரிச் செடியை வீட்டின் உள்ளே தட்டுத்தட்டாக அடுக்கி, மின்விளக்கின் ஒளியில் வளர்த்துப் பழம் பறிக்கும் முறை சில குளிர்நாடுகளில் கைக்கொள்ளப்பட்டு வருகின்றது. அம்முறையைப் பொத்துவில் போன்ற கரையோர ஊர்களிலும் கைக்கொள்ளலாமா, கைக்கொண்டால் இலாபம் கிட்டுமா என்பதை ஆராய்ந்து கூறுதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும். நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர், தமது பணத்தைப் புதிய முயற்சியொன்றில் இடுவதற்கு முன் அதன் கணக்கை முற்றாக அறிந்திருத்தல் வேண்டும்.

இம்முயற்சி மனத்தைக் கவர்வதற்குக் காரணங்கள் பல உள. அறுகம்குடாவிலுள்ள விடுதிகளுக்கு ஆண்டின் நடுப்பகுதியில் வெளிநாட்டார் பெருந்தொகையாக வருகின்றனர். அவர்களுக்குப் பரிமாறும் ஸ்ட்ரோபெரி மலைநாட்டிலிருந்து நெடுந்தூரம் வரவேண்டியதாயிருக்கின்றது. அறையினுள் வளரும் பயிரை லகுகலைக் காட்டு யானை மிதிப்பதில்லை, மயில் கொத்துவதில்லை, மாரி வெள்ளம் மூடுவதுமில்லை. வெளிநாட்டில் உழைத்து மீண்ட பிள்ளைகளிடம் சிறிது முதலும் இருக்கலாம். அது போதாதவிடத்து வீட்டிலுள்ள நகையை ஈடுவைத்தேனும் தொடங்கலாம் என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும், ஈடுவைத்த நகை மீளுமா என்பது செடியின் இயல்பையும் மாதாந்த மின்பட்டியலையும் பொறுத்தது. ஆகவே அவ்விரண்டையும் முறையாக நோக்குவோம்.

செடியின் பிறப்பும் இயல்பும்

இன்று கடைகளில் விற்கப்படும் பெரிய ஸ்ட்ரோபெரி, காட்டில் தானாகத் தோன்றிய செடியன்று. வட அமெரிக்காவின் காட்டு இனமொன்றும், தென் அமெரிக்காவின் சிலி நாட்டு இனமொன்றும் ஐரோப்பாவிலுள்ள தோட்டங்களில் அருகருகே நடப்பட்டபோது கலந்து உண்டாகிய கலப்பினமே இது. சிலி நாட்டுச் செடிகளை 1714ஆம் ஆண்டில் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் பிரெசியே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர். புதிய பழம் இவ்விரு இனங்களின் கலப்பே என்பதை 1766ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் டூஷேன் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர்.

இச்செடியின் தாய்வழியும் தந்தைவழியும் குளிரை அறிந்தவை. ஆதலின், இதன் பழைய இனங்கள் பூக்கவேண்டுமாயின் இரண்டு நிபந்தனைகள் நிறைவேறல் வேண்டும். முதலாவது, பகற்பொழுது ஏறக்குறைய 14 மணித்தியாலத்துக்குக் குறைந்திருத்தல். இரண்டாவது, காற்று குளிர்ந்திருத்தல். பகலில் 20 முதல் 24 பாகை செல்சியசும், இரவில் 10 முதல் 15 பாகையும் இதற்கு உகந்தவை. கடும் வெப்பத்தில் பகற்பொழுது எத்துணை குறுகியதாயினும் பூமொட்டு உருவாகாது. செடி இலையை மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கும்.

பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாது பூக்கும் இனங்களைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 1979ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வருகின்றனர். அமெரிக்காவின் யூட்டா மலைகளிலிருந்து எடுத்த காட்டுச் செடியொன்றின் குணத்தைப் புகுத்தி அவற்றை உண்டாக்கினர். ஆயினும், அவ்வினங்களும் வெப்பத்தைப் பொருட்படுத்தாதவை அல்ல. வெப்பம் மிகுந்தால் அவையும் பூப்பதைக் குறைத்துவிடும். பழம் சிறுத்து, இனிமை குன்றி, விரைவில் மெலிந்துவிடும்.

நமது நாட்டில் ஸ்ட்ரோபெரி நுவரெலியாவில் விளைவதற்குக் காரணம் இதுவே. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. அதன் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. அங்கு மழையைத் தடுப்பதற்காகப் பொலித்தீன் கூடாரங்களின் கீழ்ச் செய்கைபண்ணுகின்றனர். ஒளிக்குச் சூரியனே போதும். இந்தியாவில் மகாராட்டிர மாநிலத்து மகாபலேஸ்வரம் இப்பழத்துக்குப் பேர்பெற்றது. 2010ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதுவும் 1,300 மீற்றருக்கு மேற்பட்ட மலைப்பிரதேசமே. அங்கு மழைக்காலம் முடியும் தறுவாயில் நட்டு, குளிர்காலம் தொடங்கியதும் அறுவடையைத் தொடங்குகின்றனர். தமிழ்நாட்டில் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் இப்பயிர் உண்டு. இவ்விடங்கள் யாவற்றிலும் பழத்தைக் கொடுப்பது மலையின் குளிரேயன்றி விளக்கன்று.

பொத்துவிலில் குறைவது எது?

பொத்துவில் ஏறத்தாழ வட அகலக்கோடு 7 பாகையில், கடலோரத்தில் அமைந்துள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறக்குறைய 50 நிமிடம் மாத்திரமே. பகற்பொழுது எந்நாளிலும் 13 மணித்தியாலத்தை எட்டுவதில்லை. எனவே, பகலின் நீளத்தைப் பொறுத்தவரையில் இங்கு ஆண்டு முழுவதும் ஸ்ட்ரோபெரிக்கு உகந்ததே. சூரிய ஒளியோ தாராளமாக உண்டு.

குறைவது குளிர் ஒன்றே. இங்கு ஆண்டின் சராசரி வெப்பநிலை 27 பாகைக்கும் மேல். இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குதல் அரிது. ஆகவே, பொத்துவிலில் ஒருவர் ஸ்ட்ரோபெரிச் செடிக்கு விளக்கு வைப்பாராயின், அச்செடியிடம் ஏற்கெனவே உள்ள பொருளையே அதற்கு விலைகொடுத்து வாங்குகின்றார். இல்லாத பொருளை வாங்கவில்லை. அதுமட்டுமன்று. விளக்கு உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் முடிவில் வெப்பமாக மாறி அந்த அறையிலேயே தங்குகின்றது. ஆதலால் விளக்கு குறையைத் தீர்ப்பதற்குப் பதிலாகக் குறையைப் பெருக்குகின்றது.

குளிர்நாட்டாரின் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஒல்லாந்தில் மார்கழி மாதத்துப் பகற்பொழுது 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. அந்தப் பகலிலும் வெயில் மங்கலாகவே இருக்கும். வெளியே உறைபனி. அங்கு செடிக்குக் குறைவது ஒளி. விளக்கு அதனைக் கொடுக்கின்றது. விளக்கின் வெப்பமும் கண்ணாடி வீட்டைச் சூடாக்க உதவுகின்றது. பிணி வேறானால் மருந்தும் வேறாதல் வேண்டும். ஒல்லாந்தின் மருந்தை உள்ளவாறே பொத்துவிலுக்குக் கொண்டுவருதல், குளிர்சுரத்துக்குக் கொடுத்த கசாயத்தைச் சூட்டு நோய்க்கும் கொடுப்பதை ஒக்கும்.

ஒளி செய்யும் இரு தொழில்கள்

செடிக்கு ஒளி இரண்டு வகையில் உதவுகின்றது. ஒன்று, உணவாக, மற்றொன்று, செய்தியாக. இவ்விரண்டையும் பிரித்தறிதல் விளக்கு வாங்க எண்ணும் ஒவ்வொருவருக்கும் இன்றியமையாதது.

இலையானது ஒளியைக் கொண்டே தனக்கு வேண்டிய மாப்பொருளையும் சர்க்கரையையும் ஆக்குகின்றது. இத்தொழிலுக்குப் பெருமளவு ஒளி தேவை. செய்தி என்பதோ வேறு. இரவு எவ்வளவு நீண்டது என்பதை அளந்து, பருவம் வந்ததா இல்லையா என்பதைச் செடி உணர்கின்றது. இதற்கு மிகச் சிறிதளவு ஒளியே போதும்.

நெற்செய்கையாளருக்கு இது புதிய செய்தியன்று. முன்னாளில் நமது வட்டைகளில் விதைக்கப்பட்ட நீண்டகால நெல்லினங்கள் பல, சில கிழமை முந்தி விதைத்தாலும் பிந்தி விதைத்தாலும், பகல் குறுகும் பருவத்திலேயே கதிர் தள்ளின. அத்தகைய நெல் தெருவிளக்கின் அருகே நின்றால், விளக்கொளி படும் இடத்தில் மாத்திரம் கதிர் வருவது தாமதிக்கும். அவ்விளக்கு நெல்லுக்கு உணவளிக்கவில்லை. இரவு குறுகியது என்னும் பொய்ச் செய்தியை அளித்தது. இன்று நாம் விதைக்கும் மூன்று, மூன்றரை மாத இனங்கள் இச்செய்தியைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆதலினாலேயே அவற்றைப் பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் விதைக்க முடிகின்றது.

செய்தியளிக்கும் விளக்கினால் இலாபம் கண்ட கமக்காரரும் உளர். வியட்நாமின் தென்பகுதியிலுள்ள பின் துவான் பிரதேசத்தில் ட்ராகன் பழச் செய்கையாளர், பருவமல்லாத காலத்தில் இரவில் சில மணித்தியாலம் தோட்டத்தில் விளக்கேற்றுகின்றனர். இரண்டு மூன்று கிழமைகள் இவ்வாறு செய்ய, செடி நீண்ட பகல் வந்துவிட்டதென்று கொண்டு பூக்கின்றது. பகல் முழுவதும் உணவூட்டுவது சூரியனே. இரவில் செய்தி சொல்வது மட்டும் விளக்கின் வேலை. ஆதலால் மின்செலவு தாங்கத்தக்கதாயிருக்கின்றது. அறையினுள் வளரும் ஸ்ட்ரோபெரிக்கோ உணவு முழுவதையும் விளக்கே அளித்தல் வேண்டும். இரண்டுக்கும் உள்ள செலவு வேறுபாடு, சோறு சமைக்கும் அடுப்புக்கும் பள்ளிவாசல் மினாராவில் எரியும் விளக்குக்கும் உள்ள வேறுபாடு போன்றது.

மின்சாரக் கணக்கு

நெல்லை மரைக்காலால் அளப்பது போல, இலைக்குப் பயன்படும் ஒளியை ‘மோல்’ என்னும் அளவால் அளப்பர். நன்கு பழம் தரும் ஸ்ட்ரோபெரிக்கு ஒரு சதுர மீற்றரில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 மோல் ஒளி தேவை. பயிருக்கென்றே செய்யப்பட்ட நல்ல எல்.ஈ.டி. விளக்கினால் இதனை அளிக்கவேண்டுமாயின், சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 110 வாற்று விளக்கை நாளொன்றுக்கு 14 மணித்தியாலம் எரித்தல் வேண்டும். இதற்கு ஒன்றரை அலகு மின்சாரம் செல்லும். வீட்டில் பாவிக்கும் சாதாரண எல்.ஈ.டி. விளக்குகளைப் பாவித்தால், அதே மின்சாரத்துக்கு ஏறக்குறைய பாதி ஒளியே கிடைக்கும்.

விளக்கு வெளியிடும் வெப்பத்தை அகற்றக் குளிரூட்டி வேண்டும். அதற்கு விளக்கின் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது அரை அலகு, மேலும் செல்லும். ஆகவே, ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 2 அலகு. ஆண்டொன்றுக்கு 730 அலகு. சுவரினூடும் கூரையினூடும் உட்புகும் வெயிலின் வெப்பத்தை அகற்றும் செலவு இதில் சேரவில்லை. பொத்துவில் வெயிலில் அதுவும் சிறிய தொகையன்று.

இனி விளைச்சலை நோக்குவோம். தேர்ச்சியுடன் நடத்தி, சதுர மீற்றருக்கு ஆண்டொன்றுக்கு 8 கிலோகிராம் பழம் பறிப்பதாகக் கொள்வோம். புதியவர் ஒருவர் இதனை எட்டுதல் எளிதன்று. 730 அலகை 8ஆல் வகுத்தால், ஒரு கிலோகிராம் பழத்துக்கு ஏறக்குறைய 90 அலகு மின்சாரம் என்பது தெரியவரும். இந்த 90ஐ உங்கள் மின்பட்டியலிலுள்ள அலகு விலையால் பெருக்குங்கள். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் அலகு கூடக்கூட உயர்வது என்பதையும் மறவாதீர்கள். வரும் தொகை, பழத்தின் விலையன்று. மின்சாரத்தின் விலை மாத்திரமே. கன்று, பசளை, விளக்கு, குளிரூட்டி, கூலி, கடன் வட்டி ஆகிய யாவும் இதற்கு மேற்பட்டவை.

சூரியன் நமக்குத் தருவதையும் அதே அளவையால் அளந்து பார்த்தல் நன்று. நமது கரையோரத்தில் ஒரு சதுர மீற்றரில் நாளொன்றுக்கு விழும் பயனுள்ள ஒளி சராசரியாக 35 மோல் அளவாகும். இதனை விளக்கினால் உண்டாக்க 3.6 அலகு மின்சாரம் வேண்டும். ஓர் ஏக்கருக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 14,500 அலகு. மாதம் 90 அலகு பாவிக்கும் ஒரு குடும்பம் 13 ஆண்டுகளில் செலவிடும் மின்சாரத்துக்குச் சமமான ஒளியை, உங்கள் ஒரு ஏக்கர் வயல் ஒரே நாளில் இலவசமாகப் பெறுகின்றது.

“கூரையில் சூரிய மின்தகடு பொருத்தினால் மின்சாரம் இலவசமல்லவா?” என்று சிலர் வினவலாம். ஒரு சதுர மீற்றர் மின்தகடு நாளொன்றுக்கு ஓர் அலகுக்கும் சற்றுக் குறைவாகவே தரும். ஆகவே, ஒரு சதுர மீற்றர் ஸ்ட்ரோபெரிக்கு இரண்டரைச் சதுர மீற்றர் தகடு தேவை. திறந்த வெளியில் விழும் வெயிலை அவ்வளவு பரப்பில் பிடித்து, பெரும்பங்கை இழந்து, எஞ்சியதை அறைக்குள் விடுதலே இதன் பொருள். அவ்வாறு கிடைக்கும் மின்சாரத்தை நீர்ப்பம்பிக்கு உதவச் செய்தல் மிக்க பயன்தரும்.

மின்சாரம் தடைப்படும் காலத்தையும் கருதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டது. வயலிலுள்ள பயிர் அதனை அறியாது. மூடிய அறையிலுள்ள பயிரோ ஒளியும் குளிரும் ஒருங்கே இழந்து நிற்கும்.

முதல் நிறைந்தோர் கண்ட அனுபவம்

அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஓய்ஷி என்னும் நிறுவனம் ஜப்பானிய இன ஸ்ட்ரோபெரியை முற்றாக விளக்கொளியில் வளர்த்து விற்றுவருகின்றது. தொடக்க காலத்தில் எட்டுப் பழங்கொண்ட ஒரு பெட்டியை 50 டொலருக்கு விற்றது. நியூ யோர்க் நகரச் செல்வந்தரை அருகிலே கொண்டிருந்தமையால் அவ்விலைக்கு வாங்குவோர் இருந்தனர். அதே நாட்டில் அடுக்கு முறையில் கீரையும் பழமும் விளைவித்த பவரி என்னும் பெரிய நிறுவனம் 2024ஆம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. வேர்ஜீனியாவில் ஸ்ட்ரோபெரிக்கென அறைப்பண்ணை அமைத்த பிளென்டி என்னும் நிறுவனம், 2025ஆம் ஆண்டு மார்ச்சில் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. பெருமுதலும் பொறியியலாளரும் நிறைந்த இந்நிறுவனங்களே தடுமாறிய துறையில், ஈட்டுக் கடனுடன் இறங்குவோர் எவ்வளவு எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதில் நமது நாட்டவர் இலாபம் காணும் வழியொன்றும் உண்டு. ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளிலும் கூடாரங்களிலும் ஸ்ட்ரோபெரி பெரும்பாலும் மண்ணில் வளர்வதில்லை. தும்புச்சோறு நிரப்பிய பைகளில் வளர்கின்றது. அத்தகைய பைகளை ஏற்றுமதி செய்யும் முதன்மையான நாடுகளுள் இலங்கையும் ஒன்று. நமது தென்னை மட்டையின் கழிவு அங்கு விலைபெறுகின்றது. அதே தும்புச்சோறு நமது நாற்றுமேடைக்கும் உகந்தது என்பதைக் கீழே கூறுவோம்.

நீரைச் சோதித்தல்

ஒளியையும் குளிரையும் எவ்வாறேனும் அமைத்தாலும், நீர் ஒரு தடையாகலாம். உவரை மிகக் குறைவாகத் தாங்கும் பயிர்களுள் ஸ்ட்ரோபெரி ஒன்றாகும். மண்ணின் உப்புத்தன்மையை மின்கடத்துதிறனால் அளக்கும்போது, நெல் 3 அலகு வரையும் விளைச்சல் குன்றாது தாங்கும். ஸ்ட்ரோபெரியோ 1 அலகைத் தாண்டியதும் குன்றத் தொடங்கி, அதற்குமேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை இழக்கும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை, கிழக்குக் கரையோரத்திலுள்ள கிணறுகள் பலவற்றை உவராக்கியதை யாவரும் அறிவர். மாரி மழை அவற்றைக் கழுவியபோதிலும், கோடையில் நீரை மிகுதியாக இறைக்கும் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறுதல் இன்றும் நிகழக்கூடியதே. குடிக்கும்போது நாவுக்கு உவர்க்காத நீரும் இச்செடிக்கு உவராயிருக்கலாம். ஆதலின், நீரை அளந்து பாராது கன்று வாங்குதல் கூடாது.

அறிவதற்காகச் செய்து பார்க்க விரும்புவோருக்கு

விற்பனைக்காகவன்றி, கற்பதற்காக ஒரு சதுர மீற்றரில் எட்டு அல்லது பத்துக் கன்றுகளை வளர்த்துப் பார்ப்பதில் தவறில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது சிறந்த பாடமாகவும் அமையும். அவ்வாறு செய்வோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்.

கன்றுகளை மலைநாட்டு நாற்றுமேடைகளிலிருந்து பெறுங்கள். பிறநாட்டிலிருந்து கன்றையோ ஓடுகொடியையோ உத்தரவின்றிக் கொண்டுவருதல் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது. புதிய நோய்களையும் நாட்டினுள் புகுத்தும்.

கழுவிய தும்புச்சோறு நிரப்பிய பையில் அல்லது சாடியில் நடுங்கள். இலைகள் தோன்றும் குருத்து, நடுகை ஊடகத்தின் மேல்மட்டத்தில் இருத்தல் வேண்டும். குருத்து புதையுண்டால் அழுகும். வேர் வெளியே தெரிந்தால் வாடும். மிகுதியான நீர் கீழே வடிந்து செல்ல வழி செய்யுங்கள்.

கரைத்த பசளையை மிக இலேசாக அளியுங்கள். நெல்லுக்கு யூரியா இடும் கையால் இதற்கு இடலாகாது. நைதரசன் மிகுந்தால் இலை செழிக்கும். பழம் மென்மையாகிப் பூஞ்சணம் பற்றும்.

செடி நிலத்தோடு படரும் ஓடுகொடிகளை விடும். வெப்பம் மிகுந்தால் பூவுக்குப் பதிலாக இக்கொடிகளே மிகுதியாக வரும். இவற்றை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள். பூவின்றிக் கொடி மட்டும் வந்துகொண்டிருப்பின், அறை போதியளவு குளிரவில்லை என்பதற்கு அதுவே அறிகுறி.

அறையில் தேனீயுமில்லை, காற்றுமில்லை. ஆகவே பூ விரிந்த நாட்களில் மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பூவின் நடுவிலும் சுற்றித் தடவுதல் வேண்டும். ஸ்ட்ரோபெரியின் மேற்புறத்தில் காணப்படும் சிறு மணிகள் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கனியாகும். அம்மணி கருக்கொண்டால்தான் அதன் கீழுள்ள சதை பருக்கும். கருக்கொள்ளாத பக்கம் சூம்பி, பழம் கோணலாகும்.

நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் கூடும் வேலை இது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் விளக்கைப் பொருத்தலாகாது. ஈரக்கையால் விளக்கைத் தொடலாகாது. நீர் சிந்தும் இடத்துக்கு மேலே இணைப்புகளை உயர்த்திக் கட்டுங்கள். சிறுவர் தனித்து இவ்வறையில் வேலை செய்ய விடாதீர்கள்.

விளக்கு பயன்தரும் இடம்

விளக்கை முற்றாகத் தள்ளவேண்டும் என்பது இப்பிரசுரத்தின் கருத்தன்று. சிறிய இடத்தில், குறுகிய காலத்துக்கு, மிகுதியான எண்ணிக்கையில் செடிகள் நிற்குமிடத்தில் விளக்கின் செலவு தாங்கத்தக்கதே. நாற்றுமேடை அத்தகைய இடமாகும்.

மாரியில் மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றின் நாற்றுகள் அடைமழையால் மடிந்துபோதல் நாம் ஆண்டுதோறும் காணும் நட்டம். ஒரு சதுர மீற்றர் இடத்தில் தும்புச்சோறு நிரப்பிய நாற்றுத்தட்டுகளை வைத்தால் ஏறக்குறைய 600 நாற்றுகள் நிற்கும். அவற்றுக்கு வேண்டிய ஒளி முழுவதையும் விளக்கே அளிப்பதாயினும், நாளொன்றுக்கு ஓர் அலகு. 25 நாட்களுக்கு 25 அலகு. அறையினுள் ஒரு கிலோகிராம் ஸ்ட்ரோபெரிக்கு 90 அலகு செல்லும். 600 நாற்றுக்கோ 25 அலகே. இந்நாற்றுகளுக்குக் குளிரூட்டியும் வேண்டாம். இவை நமது வெப்பத்தில் வளரும் இயல்புடையவை.

இதனினும் மலிவான வழியும் உண்டு. நான்கு கம்புகளை நட்டு, தெளிந்த பொலித்தீனைச் சரிவாகக் கட்டி, பக்கங்களைத் திறந்துவிட்டு, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் தட்டுகளை வையுங்கள். மழை தடைப்படும், காற்று உலாவும், மேகமூட்டமுள்ள நாளிலும் நாற்றுக்குப் போதிய ஒளி கிடைக்கும். விளக்கின் செலவு அறவேயில்லை. விளக்கு வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதற்கண் இப்பந்தலை அமைத்தலே நன்று.

விடுதிகளுக்குப் பழம் கொடுக்க விரும்புவோர், விடுதிகளின் பருவமும் நமது கோடையும் ஒரே காலத்தில் வருவதைக் கவனித்தல் வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் சொட்டுநீருடன் கெக்கரியும் வத்தகைப்பழமும், கிணற்றடியில் பப்பாசியும் கொடித்தோடையும், வேலியோரத் தூண்களில் ட்ராகன் பழமும் அக்காலத்தில் விளைவிக்கத்தக்கவை. ட்ராகன் பழம் நம் நாட்டில் இயல்பாகப் பூப்பதும் ஆண்டின் நடுப்பகுதியிலேயே. ஆதலின் வியட்நாமியரைப் போல் விளக்கேற்ற வேண்டிய தேவையும் இல்லை. நெடுந்தூரம் கடந்து வந்த விருந்தினர் தமது ஊரில் கிடைக்கும் ஸ்ட்ரோபெரியைவிட இவ்வூரில் விளைந்த பழத்தை விரும்பி உண்பர் என்று எதிர்பார்க்கலாம்.

பணத்தை இடுமுன் செய்யவேண்டியவை

1. கிணற்று நீரைப் போத்தலில் எடுத்துச் சென்று, அதன் உப்புத்தன்மையை அளந்து தெரிந்துகொள்ளுங்கள்.

2. பழம் வாங்கும் விடுதிகளிடம், கிழமைக்கு எத்தனை கிலோகிராம், எந்தெந்த மாதங்களில், என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள். விடுதிகள் அடைக்கப்படும் மாதங்களில் பழம் எங்கே செல்லும் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

3. அண்மைய மூன்று மாத மின்பட்டியல்களை எடுத்து, கிலோகிராமுக்கு 90 அலகு என்னும் கணக்கைப் போடுங்கள்.

4. மலைநாட்டுப் பழம் அவ்விடுதிக்கு வந்து சேரும் விலையையும் உங்கள் மின்செலவையும் அருகருகே எழுதுங்கள். மின்செலவு மாத்திரமே அவ்விலையைத் தாண்டுமாயின் அவ்விடத்திலேயே நிறுத்துங்கள்.

5. விளக்கும் குளிரூட்டியும் விற்க வருவோரிடம், அவர்கள் கூறும் விளைச்சலை இதே கரையோரத்தில், இதே வெப்பத்தில், ஓராண்டு முழுவதும் பெற்ற ஒரு பண்ணையைக் காட்டும்படி கேளுங்கள்.

6. முதற் சோதனைக்குக் கைப்பணத்தையே பாவியுங்கள். நகையையும் வயல் உறுதியையும் ஈடுவைத்துச் சோதனை செய்யலாகாது.

நமது வயலுக்கும் தோட்டத்துக்கும் ஒளி குறைவில்லை. நமக்குக் குறைவது கோடையில் நல்ல நீர், மாரியில் வடிகால், நாற்றுக்கு மழைமறைப்பு, விளைந்த பொருளுக்கு நேரிய சந்தை. பணமும் உழைப்பும் இக்குறைகளைத் தீர்ப்பதில் செல்லுமாயின் அவற்றின் பயன் அடுத்த போகத்திலேயே கைக்கு வரும். நீர்ச் சோதனை, நாற்றுத்தட்டு, மழைமறைப்புப் பந்தல் ஆகியவை பற்றி மேலும் அறிய விரும்புவோர், தமது பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுக.